இரண்டு காலி ஓட்டைகள்

மெட்டில்டா அக்காவைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அவர் ஒன்றும் செய்துவிடவும் இல்லை. ஸ்டெபிலைசர் போர்டுகளுக்குப் பதினோரு வருஷம் ஈயம் வைத்தார், அதாவது சால்டரிங். முதலில் பல்லாவரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில், பிறகு அந்தக் கம்பெனி இடம் மாறியதும் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில். அவ்வளவுதான் அவர் வரலாறு. நடுவில் நான் அவருக்குச் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இத்தனை நாள் சுமந்தது போதும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

அந்த நாட்களில் தாம்பரம் பக்கம் வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மின்சாரம் மூச்சு வாங்கும். குண்டு பல்பு மஞ்சளாகும், ஃபேன் நின்று நின்று சுற்றும், டி.வி. படம் நாலு பக்கமும் சுருங்கும். அப்போது ஃப்ரிஜ்ஜுக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்புப் பெட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். குறைந்த வோல்டேஜை ஏற்றிக் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அந்த ‘டக்’கைத்தான் நாங்கள் செய்துகொண்டிருந்தோம்.

முதலாளி ஸ்ரீநிவாசராகவன். வேலை கேட்டு வருகிறவர்களிடம் அவர் கேட்பது ஒரே கேள்வி. “ரிலேக்கும் டிரான்சிஸ்டருக்கும் என்ன வித்தியாசம்?” தொண்ணூற்று நாலில் பாலிடெக்னிக் டிப்ளமோவோடு போய் நின்ற என்னையும் அதைத்தான் கேட்டார். நான் மனப்பாடமாக ஒப்பித்தேன். இரண்டுமே சுவிட்சுதான். ரிலேக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் கரண்ட் போனால் சுருள் காந்தமாகி ஓர் இரும்பு நாக்கை இழுக்கும். நாக்கு நகர்ந்து இன்னோர் இடத்தில் ஒட்டிக்கொள்ளும், அந்த வழியாக வீட்டு மின்சாரம் இருநூற்று முப்பது வோல்ட்டும் தாராளமாகப் போகும். டிரான்சிஸ்டரில் நகர்வது எதுவும் கிடையாது. மூன்று கால். ஒரு காலில் துளி கரண்ட் கொடுத்தால் மற்ற இரண்டு கால்களுக்கு நடுவே அதைவிடப் பெரிய கரண்ட்டை விடும். சத்தம் இல்லை, தேய்மானம் இல்லை, வேகம் அதிகம். ஆனால் எங்கள் போர்டில் இருந்த பொடி டிரான்சிஸ்டருக்கு வீட்டு மின்சாரத்தைத் தொடுகிற தெம்பு கிடையாது. அதனால் ஸ்டெபிலைசரில் டிரான்சிஸ்டர் வோல்டேஜைப் பார்த்து ரிலேக்கு உத்தரவு கொடுக்கும், ரிலே பளுவைத் தூக்கும். சார் தலையாட்டி என்னை டெஸ்ட் பெஞ்சில் உட்கார வைத்தார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே மெட்டில்டா அக்கா கேட்டார். “இன்னா தம்பி, உன்னையும் அந்தக் கேள்வி கேட்டாரா?”

“ஆமாக்கா. உங்களையும் கேட்டாரா?”

“என்னை எதுக்குக் கேக்கப் போறாரு? நானா தெரிஞ்சிகினேன். ஒண்ணு கத்திகினே வேலை செய்யும். நின்னுபோச்சுன்னா சத்தம் இல்லையேன்னு ஊருக்கே தெரியும். இன்னொண்ணு வாயே தொறக்காது. செத்தாக்கூட நாம தொறந்து பாத்தாத்தான் தெரியும்.”

எட்டாவது வரை படித்தவர். என் மூன்று வருஷப் படிப்பை ஒரு வாய் சோற்றுக்கு நடுவில் சொல்லி முடித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று இருக்கும். பீர்க்கன்கரணையில் ஏரிப் பக்கம் வீடு. கணவர் சவுரிமுத்துவுக்குப் பல்லாவரத்தில் தோல் கம்பெனி ஒன்றில் வேலை. காலையில் சமைத்து வைத்துவிட்டுப் பெருங்களத்தூரில் ரயிலேறி, பல்லாவரத்தில் இறங்கி, குன்றத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, இறங்கிய இடத்திலிருந்து ஒரு மைல் நடப்பார். வெள்ளிக்கிழமை என்றால் சந்தைக் கூட்டத்தில் பஸ் நகராது. வந்து சேரும்போதே நாள் பாதி தீர்ந்துபோனவர் மாதிரி இருப்பார். ஆனால் சால்டரிங் அயர்ன் சூடாகிவிட்டால் கை மட்டும் தனியாக விழித்துக்கொள்ளும். தொட்டு, ஈயத்தைக் காட்டி, எடுத்துவிடுவார். ஒவ்வொரு புள்ளியும் பளபளவென்று ஒரே அளவில் இருக்கும். “இது மெட்டில்டா போர்டு” என்று சார் டீலர்களிடம் திருப்பிக் காட்டுவார். அவருக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். அதைக் கேட்காதது போலக் குனிந்துகொள்வார்.

எங்கள் ஷெட்டில் யாரும் சர்க்யூட் படத்தைப் பார்த்து வேலை செய்வதில்லை. படம் சாரின் மேஜை டிராயருக்குள் பூட்டிக் கிடக்கும். சுவரில் மரச்சட்டம் அடித்து அதில் ஒரு முழு போர்டை மாட்டியிருந்தார்கள். மாடல் போர்டு என்று பெயர். பாகங்களைச் செருகுகிற பெண் அதைப் பார்த்து அப்படியே செருகுவாள். செருகிய போர்டைக் கவிழ்த்து அடிப்பக்கம் மெட்டில்டா அக்கா ஈயம் வைப்பார். பிறகு என் பெஞ்சுக்கு வரும். நான் வோல்டேஜை ஏற்றி இறக்கிப் பார்ப்பேன். ‘டக்’ கேட்டால் பாஸ் சீட்டு ஒட்டுவேன். கேள்வி கேட்பதுதான் அங்கே பிடிக்காத ஒன்று. யாராவது கேட்டால் சார், “மாடல்ல எப்படி இருக்கோ அப்படிப் பண்ணும்மா” என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

தொண்ணூற்றாறு ஆயுத பூஜை. வழக்கம்போல சார் தன் கையாலேயே எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். டிரில்லிங் மிஷின், என் மீட்டர், அக்காவின் அயர்ன் ஸ்டாண்டு, கடைசியில் மாடல் போர்டு. அந்த வருஷம் வியாபாரம் நன்றாக நடந்திருந்தது, சந்தனமும் தாராளமாகக் குழைத்திருந்தது. மாடல் போர்டின் ஓரத்தில் ரிலேக்குப் பக்கத்தில் கட்டை விரலால் எட்டணா அகலத்துக்கு அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். காய்ந்து கெட்டியாகி அது அப்படியே நின்றுவிட்டது. முதலாளி வைத்த பொட்டை யார் சுரண்டுவது?

செருகுகிற வேலை பார்த்த பேபி கல்யாணமாகிப் போய்விட்டாள். விஜயதசமியன்று அவள் இடத்துக்குச் சரசு வந்தாள். முப்பது வயது, கெட்டிக்காரி. மாடலில் பார்த்ததைப் பார்த்தபடி செருகினாள். ஒன்றுகூடத் தப்பு கிடையாது.

இரண்டு நாள் கழித்து மெட்டில்டா அக்கா ஒரு போர்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு என் பெஞ்சுக்கு வந்தார். “தம்பி, இங்க ரெண்டு ஓட்டை காலியா கீதே. முன்னெல்லாம் ஏதோ கால் வந்துகினு இருந்துச்சு.”

நான் தலையைத் தூக்கி சுவரைப் பார்த்தேன். மாடலில் அந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை, சந்தனம்தான் தெரிந்தது. அன்று நூற்றிருபது போர்டு முடிக்க வேண்டியிருந்தது. “மாடல்லயே இல்லக்கா. சார் டிசைனை மாத்தியிருப்பாரு. மேல வேலையைப் பாருங்க” என்றேன். அவர் போர்டை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு, “டிப்ளமோ நீ சொன்னா சரிதான்” என்று போய் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரத்திலிருந்து டெஸ்ட் செய்யும்போது ரிலேயின் கால்களில் விரல் பட்டால் சுருக்கென்று அடித்தது. பன்னிரண்டு வோல்ட் ஓடுகிற இடம், அடிக்கவே கூடாது. வியர்வை என்று நினைத்தேன். எர்த் சரியில்லை என்று நினைத்தேன். போர்டை ஓரமாகப் பிடித்துக்கொள்ளப் பழகினேன். சம்பளத்துக்கு இவ்வளவு போதும் என்றும் நினைத்தேன், மறைப்பானேன்.

மார்ச் கடைசியில் முதல் பெட்டி திரும்பி வந்தது. ஏப்ரலில் தினமும் ஏழு, எட்டு வந்தன. எல்லாவற்றிலும் அதே கோளாறு, ரிலேயை ஓட்டுகிற டிரான்சிஸ்டர் போய்விட்டிருந்தது. அது சும்மாவும் சாகவில்லை. கரண்ட்டை விட்டபடியே செத்துப்போனது. அதனால் ரிலே இழுத்தது இழுத்தபடி நிற்கும். ஊர் அடங்கி வோல்டேஜ் தானாக ஏறிய பிறகும் பெட்டி இன்னும் ஏற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று வீடுகளில் ஃப்ரிஜ்ஜே புகைந்துவிட்டது. டீலர்கள் வந்து ஷெட் வாசலில் நின்று கத்தினார்கள்.

சார் பெட்டிகளை எடுத்து உட்கார்ந்து தானே டிரான்சிஸ்டரை மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது நாள் எல்லோர் எதிரிலும் ஒரு போர்டைத் தூக்கிக் காட்டினார்.

“என்னம்மா மெட்டில்டா இது? அயர்னை எவ்வளவு நேரம் அழுத்தறே? டிரான்சிஸ்டர் உள்ளயே வெந்து போறது. இப்ப நன்னா இருக்கும், நாலு மாசத்துல செத்துடும்.”

“நான் எப்பவும் போலத்தான் சார் வெக்கிறேன்.”

“எப்பவும் போலன்னா இப்படி ஆகுமா? வயசாறது, கண் சரியா தெரியல. ஒத்துக்கோ. நாளையிலேர்ந்து பேக்கிங் பாரு. செருகறதோட ஈயத்தையும் சரசுவே வைக்கட்டும்.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அந்த நிமிஷம் எனக்கு அந்த இரண்டு ஓட்டைகள் ஞாபகத்துக்கே வரவில்லை. சார் சொன்னதை நான் நம்பினேன் என்பதுதான் உண்மை. அக்கா அயர்ன் சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டாண்டில் ஒட்டியிருந்த ஈயத் துளிகளைத் துணியால் துடைத்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

பேக்கிங் வேலை ஷெட்டின் கடைசியில், வெயில் நேராக இறங்குகிற இடத்தில் இருந்தது. தெர்மகோல் துகள் புடவையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். சாப்பிடும்போது அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு நாள் சொன்னார், “தம்பி, வேலை போனாக்கூட வேற வேலை தேடலாம். கை போச்சுன்னு சொல்லிட்டாங்களே, இதை எங்க போய் மாத்துறது?” அவர் வயசானவர் மாதிரி நடக்க ஆரம்பித்திருந்தார்.

அவருக்கு அடுத்த வீட்டில் ரமா டீச்சர் என்று ஒருவர். மெட்டில்டா அக்காவின் பேச்சை நம்பி கிறிஸ்துமஸுக்கு எங்கள் கம்பெனி பெட்டி வாங்கியவர். ஏப்ரலில் அதுவும் போனது. டீச்சர் மரியாதைக்காரர், திட்டவில்லை. “உங்க கையால செஞ்சதுன்னுதானே வாங்கினேன், மெட்டில்டா” என்று மட்டும் சொன்னாராம். அக்காவை உசுப்பிவிட்டது அந்தச் சொல்தான்.

திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்து அடுக்குவதும் பேக்கிங் வேலைதான். ஒவ்வொன்றிலும் கேரண்டி கார்டு கட்டியிருக்கும். ஒரு வாரம் அவர் அந்தக் கார்டுகளை உட்கார்ந்து படித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“எல்லாம் பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, முடிச்சூர், வண்டலூர். பல்லாவரம் கண்டோன்மென்ட்லேர்ந்து ஒண்ணுகூட வரல. அங்கயும் நாம நிறைய வித்துகீறோம். என் கை கெட்டுப்போச்சுன்னா கண்டோன்மென்ட்டுக்கு மட்டும் நல்லா வெச்சேனா?”

நான் கார்டுகளை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான்.

“அங்க கரண்டு ஒழுங்கா வருது. எங்க பக்கம் அப்படியா? டீச்சர் வூட்டுப் பொட்டி ஆறு மணிக்கு ஆரம்பிச்சா டக்கு டக்குனு அடிச்சிகினே கெடக்கும். செவுத்துக்கு இந்தாண்ட எனக்குக் கேக்கும். அடிக்க அடிக்கத்தான் சாவுது தம்பி. இன்னொண்ணு. சார் கையால மாத்துனதும் மூணே வாரத்துல திரும்பி வந்துச்சு. அவரு கையும் கெட்டுப்போச்சா?”

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த கையோடு அவர் தன் வீட்டு ஸ்டெபிலைசரைத் திறந்திருக்கிறார். ஐந்து வருஷத்துக்கு முன் சார் கொடுத்த பழைய பெட்டி. அதே தெரு, அதே கரண்ட், டீச்சர் வீட்டுப் பெட்டி அடித்த அளவு இதுவும் அடிக்கும், சாகவில்லை. திங்கட்கிழமை அந்தப் போர்டைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ரிலேக்குப் பக்கத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு கண்ணாடி டயோடு இருந்தது. புதுப் போர்டில் அதே இடத்தில் இரண்டு காலி ஓட்டைகள் இருந்தன.

இரண்டு பேரும் சுவரிடம் போனோம். அக்கா கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி மாடல் போர்டின் சந்தனத்தைச் சுரண்டினார். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் அந்தக் கண்ணாடி டயோடு பத்திரமாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. சரசுவின் தட்டைப் பார்த்தோம். டயோடு போட்டு வைக்கிற பள்ளத்தில் பேபி விட்டுப்போனது அப்படியே நிரம்பியிருந்தது.

இதற்கான விளக்கம் என் பாலிடெக்னிக் நோட்டிலேயே இருந்தது. ரிலேயின் சுருளில் ஓடுகிற கரண்ட்டை டிரான்சிஸ்டர் சட்டென்று நிறுத்தும்போது, சுருள் சும்மா இருக்காது. ஓடிக்கொண்டிருந்ததை ஓட வைக்கவே பார்க்கும். பன்னிரண்டு வோல்ட் ஒரு கணம் நூறு, இருநூறு என்று எகிறி டிரான்சிஸ்டரை அடிக்கும். அந்த அடி சுருளுக்குள்ளேயே சுற்றி அடங்கட்டும் என்று குறுக்கே வைப்பதுதான் டயோடு. அது இல்லாவிட்டால் முதல் நாள் எல்லாம் சரியாகவே இருக்கும், டெஸ்டில் பாஸாகும். ஒவ்வொரு ‘டக்’குக்கும் ஓர் அடி வாங்கி, ஆயிரம், பத்தாயிரம் அடிக்குப் பிறகு டிரான்சிஸ்டர் சத்தம் இல்லாமல் செத்துப்போகும். ஆறு மாதம் என் விரலைச் சுருக்கென்று கடித்ததும் அதுதான்.

“நீயே சார்கிட்ட சொல்லு. நான் சொன்னா எடுபடாது” என்றார் அக்கா.

சாரைக் கூப்பிட்டேன். ஒரு பேட்டரி, ஒரு ரிலே, இரண்டு வயர். சுருளின் இரண்டு கால்களையும் ஈர விரலால் பிடிக்கச் சொல்லி, பேட்டரி வயரை எடுத்தேன். சார் கையை உதறிக்கொண்டார். டயோடை வைத்து மறுபடி செய்தேன். ஒன்றும் இல்லை. நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும், “எனக்குத் தெரியும்ப்பா, தெரியும்” என்றார். பிறகு மாடல் போர்டைப் பார்த்தார். சுரண்டிய சந்தனம் கீழே தரையில் கிடந்தது.

“இதை யாரு இப்படி...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அந்த ஷெட்டில் சந்தனம் வைக்கிறவர் ஒரே ஒருவர்தான். “சரி. இனிமே எல்லாத்துலயும் டயோடு போடச் சொல்லு. திரும்பி வந்ததுக்கும் போட்டுடு” என்று சொல்லிவிட்டு ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றடி தள்ளிப் புடவையில் தெர்மகோலோடு நின்ற மெட்டில்டா அக்காவிடம் ஒரு வார்த்தை இல்லை. டீலர்களிடம், டிரான்சிஸ்டர் லாட்டே சரியில்லை என்று சொன்னார்.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. டயோடு போட்ட போர்டு ஒன்றும் திரும்பி வரவில்லை. ஷெட்டில் மற்றவர்களுக்கு டயோடு கதை தெரியாது, தெரிந்தவர்களுக்குப் புரியாது. அவர்கள் பார்த்தது இதுதான்: மெட்டில்டா ஈயம் வைத்தவரை வந்தது, சரசு வைக்க ஆரம்பித்ததும் நின்றுவிட்டது. அக்காவின் காதுபடவே பேசினார்கள். சார் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. மறுத்தால் அன்று ஓட்டையைப் பற்றிக் கேட்டபோது டிப்ளமோ என்ன சொன்னான் என்ற கேள்வி வரும். ஏப்ரல் போய், மே, ஜூன் என்று ஆறு மாதம் அவர் பெட்டி ஒட்டினார். நான் பாஸ் சீட்டு ஒட்டினேன். தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தச் சோறு எனக்கு இறங்கியதே இல்லை.

மறு வருஷ ஆயுத பூஜை வந்தது. சார் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தார். மாடல் போர்டிடம் வந்ததும் விரலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். பிறகு போர்டைத் தொடாமல், வெளியே மரச்சட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தார். பின்னால் நின்ற மெட்டில்டா அக்கா என் காதில் மட்டும் விழும்படி, “இந்த வருஷம் சாமி வெளியவே நின்னுகினாரு” என்றார். ஆறு மாதத்தில் அவர் பேசிய முதல் கேலி அது.

விஜயதசமியன்று புது வேலையைத் தொடங்குவது வழக்கம். வருஷா வருஷம் முதல் போர்டைச் சாரே தொட்டுக் கொடுப்பார். அன்று எல்லோரும் கூடி நிற்கும்போது அயர்னை அவரே சொருகிச் சூடாக்கி எடுத்துவந்து நீட்டினார்.

“மெட்டில்டா, முதல் ஈயம் நீ வைம்மா. இனிமே உன் இடத்துலயே உக்காரு.”

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. மற்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரசு எழுந்து நாற்காலியைத் துடைத்துவிட்டாள். அக்கா உட்கார்ந்தார். போர்டைக் கவிழ்த்து, முதலில் அந்த டயோடின் இரண்டு கால்களைத்தான் தேடி ஈயம் வைத்தார். இரண்டு புள்ளியும் பளபளவென்று உட்கார்ந்தன.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது என்னால் தாங்க முடியவில்லை. “அக்கா, அன்னைக்கு நீங்க ஓட்டையைப் பத்தி என்கிட்ட கேட்டீங்க. நான்தான் மேல வேலையைப் பாருங்கன்னு சொன்னேன். சார் உங்களைத் திட்டும்போதும் வாயைத் திறக்கல” என்றேன்.

“தெரியுமே” என்றார் அவர், நடையை நிறுத்தாமல்.

“தெரிஞ்சும் ஏன்க்கா சார்கிட்ட சொல்லல?”

“சொல்லி? உன்னையும் கொண்டாந்து பேக்கிங்ல போட்டுருப்பாரு. ஒருத்தர் வெயில்ல காயறது போதாதா?”

குன்றத்தூர் பக்கமிருந்து பஸ் வந்தது. உட்கார இடம் இல்லை. அவர் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெற்றியைக் கையில் சாய்த்துக் கண்ணை மூடினார். பல்லாவரம் வரும்வரை நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தேன்.